சுமைதாங்கி வழியில் இருக்க வேண்டும்

கொங்கு நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல்லைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். அதன் உயரத்தில்தான் சூட்சுமம். தலையில் மூட்டையோடு வருகிறவர் குனிய வேண்டியதில்லை. "ஒரு கை புடிங்க" என்று யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிய பிறகு அப்படியே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம். சந்தைக்குப் போகிற வழியிலேயே அது இருக்கும். அதற்காக யாரும் ஊரைச் சுற்றிப் போனதில்லை.

குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு மனநல உதவி என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் நடப்பது வழியை விட்டு எங்கோ தள்ளி நட்ட கல். வருடத்துக்கு ஒரு நாள் மாவட்டத் தலைநகரில் பயிற்சி. காலையில் மூச்சுப் பயிற்சி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் குழுப் படம். அதே நாள் இரவு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் அழைப்பு வரும். அதே ஆள் ஜீப்பில் ஏறுவார். மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது பணியாளர் தன் சொந்த நேரத்தில், தன் சொந்த முயற்சியில் செய்துகொள்ள வேண்டிய ஒன்றாகப் போய்விடுகிறது. உதவி என்பது பணிப்பட்டியலுக்குள், வாகனத்துக்குள், கோப்புக்குள், நீதிமன்ற வராண்டாவுக்குள் இருந்தால்தான் சுமைதாங்கி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

யார் இந்தப் பணியாளர்கள் என்பதைக் கொஞ்சம் அகலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பாதுகாப்பு அலுவலர், ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தையோடு கூட வரும் ஆதரவு நபர். குழந்தைகள் இல்லத்தில் இரவு தங்கும் காப்பாளர் அம்மா. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையத்தில் இருப்பவர். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதும் உதவி ஆய்வாளர். இவர்களோடு, பட்டியலில் எப்போதும் விடுபடுகிற மூன்று பேர் உண்டு: ஓட்டுநர், தட்டச்சு செய்பவர், மொழிபெயர்ப்பாளர். திருப்பூர் பின்னலாடைத் தொழிலை நம்பி வந்த ஒடியா, வங்காளி, இந்தி பேசும் குடும்பங்களின் குழந்தைகள் பேசும்போது, மொழிபெயர்ப்பவர் அந்தச் சொற்களை "நான்", "என்னை" என்று தன் வாயாலேயே தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பதை விட அது கனமானது. சாயங்காலம் அவருக்கான கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதோடு சரி.

சுமை ஒன்றல்ல, மூன்று

முதலாவது, வேலையின் அளவாலும் நிலைமையாலும் வரும் தேய்வு. ஒப்பந்த வேலை, புதுப்பிப்பு வருமா என்ற கவலை, ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கும் போன், பெட்ரோல் பணம் தாமதம். உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு இதைப் பணிச்சூழல் சார்ந்த நிகழ்வு என்கிறது. நோய் என்று சொல்வதில்லை. களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது வெறுப்பாகப் பார்ப்பது, "நான் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு ஆகியவை அதன் மூன்று முகங்கள்.

இரண்டாவது, வேலையின் உள்ளடக்கத்தால் வருவது. அடுத்தவருக்கு நேர்ந்த கொடுமையைத் திரும்பத் திரும்பக் கேட்டும் படித்தும், அது தனக்கே நேர்ந்ததுபோல் உடலும் மனமும் நடந்துகொள்வது. 1990-களில்தான் ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்துப் பேசத் தொடங்கினார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேடு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்குக் காரணமாகும் நிகழ்வுகளில், குழந்தைக் கொடுமைகளின் விவரங்களை வேலை காரணமாகத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் காவலர்களையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. "தைரியம் பத்தலைங்க" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

மூன்றாவது, சரியானது எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் போவது. குழந்தை சொன்னது உண்மை என்று தெரியும், குடும்பம் பின்வாங்கிவிட்டது, சாட்சி பிறழ்ந்துவிட்டது, தீர்ப்பு விடுதலை. இது தூக்கத்தைக் கெடுப்பதை விட, தன்னைப் பற்றித் தனக்கிருந்த மதிப்பைக் கெடுக்கிறது.

மூன்றையும் ஒரே "ஸ்ட்ரெஸ்" என்ற சொல்லில் கட்டிவிடுவதால்தான் மருந்து தப்பிப் போகிறது. தேய்வுக்கு விடுப்பும், ஆள் பலமும், நேரத்துக்குச் சம்பளமும் வேண்டும். அதற்கு ஆலோசனை கொடுப்பது பசிக்கிறவருக்குப் பாட்டுப் பாடுவது. இரண்டாவது சுமைக்கு விடுப்பு மட்டும் போதாது. பத்து நாள் விடுப்பில் இருந்தாலும் அந்தக் குழந்தையின் குரல் சமையலறையில் கேட்கும். மூன்றாவதுக்கு, அதே வேலையைத் தெரிந்த இன்னொருவரோடு உட்கார்ந்து "நம் கையில் இருந்தது எது, இல்லாதது எது" என்று பிரித்துப் பார்க்கும் நேரம் வேண்டும்.

உடம்பு முதலில் சொல்லும். நெஞ்செரிச்சல், தலைவலி, இடுப்பு வலி, அதிகாலை மூன்று மணி விழிப்பு. மருந்துக் கடையில் "கேஸ் தொந்தரவுங்க" என்று மாத்திரை வாங்குவார்கள். எந்தக் கேஸ் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. வேலையில் தெரியும் அடையாளங்கள் வேறு மாதிரி: ஒரு குறிப்பிட்ட கோப்பை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பது; "இதெல்லாம் சொல்லிக் கொடுத்துப் பேசுற புள்ளை" என்று விசாரிக்கும் முன்பே முடிவு கட்டுவது; கசப்பான நகைச்சுவை. எதிர்ப்பக்கமும் உண்டு. குழந்தைக்குச் சொந்த நம்பரைக் கொடுப்பது, கைக்காசில் பள்ளிக் கட்டணம் கட்டுவது, விடுமுறை நாளிலும் இல்லத்துக்குப் போய் நிற்பது. இதைப் பாராட்டுவார்கள், இதுவும் அபாய அறிகுறிதான். வீட்டில் தன் பெண்ணை டியூஷனுக்கு அனுப்ப மறுப்பது, சொந்தச் சித்தப்பாவையே சந்தேகத்தோடு பார்ப்பது என்று வந்தால் உலகத்தைப் பார்க்கும் கண்ணே மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒறம்பரை என்ற சிக்கல்

ஒறம்பரை என்றால் உறவுக்காரர். கொங்குப் பகுதியில் இந்த வேலைக்கு இருக்கும் கூடுதல் பாரம், முகம் தெரிந்த ஊர். எங்கே போனாலும் முதல் கேள்வி "உங்களுக்கு எந்த ஊருங்க?" இரண்டாவது கேள்வியில் குலமும் கோயிலும் வந்துவிடும். மூன்றாவதில், "அப்பிடின்னா அவிய உங்களுக்கு ஒறம்பரை முறையாகோணுமே" என்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை; சொந்தத்தின் சொந்தமாக இருந்தால் போதும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர் பழத்தட்டோடு வீட்டுக்கே வந்து, "பொண்ணு வாழ்க்கை கெட்டுப் போயிருமுங்க, பேசி முடிச்சுக்கலாமுங்க" என்பார். வந்தவர் மிரட்டுவதில்லை. மரியாதையாகத்தான் பேசுவார். அதனாலேயே பதில் சொல்வது கடினம்.

குழந்தைத் திருமணத் தடுப்பில் இது உச்சத்துக்குப் போகும். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரத்தில் தகவல்கள் குவியும். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, ஒறம்பரை வந்து இறங்கி, சமையல்காரர் அடுப்பு மூட்டிய பிறகுதான் பல அழைப்புகள் வரும். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்; 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி நீதிமன்றத் தடையாணையும் வாங்கலாம். சட்டம் தெளிவு. ஆனால் பெண்ணின் அம்மா மண்ணை வாரித் தூற்றும்போது எதிரே நிற்பது சட்டம் அல்ல, ஒப்பந்தச் சம்பளத்தில் வந்த ஒரு முப்பது வயதுப் பெண். ஆறு மாதம் கழித்து அதே அம்மாவைச் சந்தையில் பார்க்கவும் வேண்டும்.

இதற்கு மனப் பயிற்சி வேண்டியதில்லை. அலுவலக விதி வேண்டும். சொந்த வட்டம், கணவர் வீட்டு வட்டம் இரண்டிலிருந்தும் வரும் வழக்குகளில் அந்தப் பணியாளரை முன்னால் நிறுத்தக் கூடாது. மாற்றியதற்கான காரணத்தைக் கோப்பில் ஒரு வரியில் எழுதினால் போதும். வீட்டு விசாரணைக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஆள் இல்லை என்றால் தேதியை நகர்த்தலாம், குழந்தைக்கு உடனடி ஆபத்து இருந்தால் காவல் துணையோடு போகலாம். விசிட்டிங் கார்டில் அலுவலக எண் மட்டும். வீடு தேடி வருகிறவருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்: "முடிவு பண்றது குழுவுங்க, நான் இல்லீங்க. பேசறதுன்னா குழு உக்கார்ற நாளைக்கு ஆபீசுக்கு வாங்க." வாக்கியம் பொதுவாக இருப்பதில்தான் பலம். ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் தனக்குத் தோன்றியதைச் சொன்னால், அடுத்த பழத்தட்டு இளகிய மனசுக்காரர் வீட்டுக்குப் போகும். வந்து போனவர் பெயர், நேரம், சொன்னது ஆகியவற்றை மறுநாள் காலை மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதியதும் அது ஒருவரின் வீட்டுப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அலுவலகத்தின் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

அன்று இரவு

இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். போக்சோ தகவல் வந்தால் காவல் துறையும் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். காகிதத்தில் இது ஒரு நாள். தாளவாடியிலிருந்து ஈரோட்டுக்கு வருகிறவருக்கு இது திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள், மடியில் வாந்தி எடுக்கும் குழந்தை, மருத்துவமனைக் காத்திருப்பு, இல்லத்தில் ஒப்படைப்பு. வால்பாறைக்காரருக்கு 40 வளைவுகள். குழந்தையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் அந்த வெற்று வண்டிப் பயணம்தான் முக்கியம். அதுவரை வேலை தாங்கிக்கொண்டிருந்தது. இனி ஒன்றுமில்லை.

வண்டியில் எப்போதும் ஒரு பை இருக்க வேண்டும். குழந்தைக்கு மாற்றுடை, துண்டு, நாப்கின், பிஸ்கட், வாந்திக்கான கவர் என்று பல அலுவலகங்களில் இருக்கிறது. பணியாளருக்கென்று எதுவும் இருப்பதில்லை. ஒரு மாற்றுச் சுடிதார் அல்லது சேலை, இரண்டு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், சார்ஜர், ஒரு போர்வை. சின்ன விஷயம். ஆனால் ரத்தக் கறையோ வாந்தியோ பட்ட துணியோடு வீட்டுக்குள் நுழைவதும், மாற்றிக்கொண்டு நுழைவதும் ஒன்றல்ல.

பணி முடிந்த அரை மணி நேரத்துக்குள் மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு அழைப்பு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான்கு கேள்விகள்: சாப்பிட்டீங்களா? வீட்டுக்கு எப்படிப் போறீங்க? வீட்டில யார் இருக்காங்க? நாளைக்கு எத்தனை மணிக்கு வந்தா போதும்? இதில் "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லுங்க" என்பது இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை. அதிர்ச்சிக்குப் பிறகு உடனடியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை 1980-களில் தீயணைப்பு, அவசர ஊர்தித் துறைகளிலிருந்து பரவியது. பின்னால் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பிந்தைய மன உளைச்சலைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கூடுதல் கெடுதலும் ஆகியிருக்கிறது. அவராகப் பேசினால் கேளுங்கள். தோண்டாதீர்கள்.

இரவு 11 மணியைத் தாண்டினால் மறுநாள் மதியம் 2 மணிக்குத்தான் வருகை என்று பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். "முடியலைன்னா லேட்டா வாங்க" என்று சொல்லிப் பிரயோசனமில்லை; முடியவில்லை என்று ஒப்பந்தப் பணியாளர் எவரும் சொல்வதில்லை. காலையில் குழு முன் குழந்தையை நிறுத்தும்போது கோப்பைக் கொண்டுபோக இன்னொருவர் பெயர் முந்தின நாளே இருக்கட்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். குழந்தை அந்த முகத்தைத்தான் நம்புகிறது என்று அதே ஆளைத் தூக்கமில்லாமல் வரவைப்பார்கள். குழந்தையிடம் இரவே "காலைல இன்னொரு அக்கா வருவாங்க கண்ணு, அவங்க பேரு இது, நான் மத்தியானம் வர்றேன்" என்று சொல்லிவிட்டால் குழந்தை தாங்கும்.

அந்த இரவுக்குத் தூக்க மாத்திரையோ மதுவோ கூடாது. மூன்றாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள் ஆகிய மூன்று நாட்களிலும் ஐந்து நிமிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். தூக்கம், சாப்பாடு, வேண்டாமலே வந்து நிற்கும் காட்சி, அந்த இடத்தையோ கோப்பையோ தவிர்ப்பது, எரிச்சல். முதல் வாரம் இவை இருப்பது இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகவே வடியும். முப்பது நாளுக்கு மேலும் குறையாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய எல்லை அதுதான்.

கேட்கிறவரைக் கேட்கும் ஒரு மணி நேரம்

எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒருவருக்கு ஒரு மணி நேரம், கதவு சாத்திய அறையில், வேலையைத் தெரிந்த ஒருவரோடு பேச்சு. வழக்கு ஆய்வுக் கூட்டம் இதற்கு ஈடாகாது. அங்கே கேட்கப்படுவது கோப்பு: முதல் தகவல் அறிக்கை வந்ததா, இழப்பீட்டு மனு போட்டாச்சா, மாதாந்திர அறிக்கை எங்கே. இங்கே கேட்கப்படுவது கோப்பைச் சுமப்பவர்.

அந்த மணி நேரத்தின் நடை இப்படி இருக்கலாம். முதல் பத்து நிமிடம் உடம்பும் வீடும். அடுத்த முப்பது நிமிடம் ஒரே ஒரு வழக்கு, பணியாளர் தேர்ந்தெடுத்தது. அதில் அவரைப் பிடித்து நிறுத்திய தருணம் எது, அப்போது என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார், இப்போது எப்படித் தெரிகிறது. பதினைந்து நிமிடம் கையில் இருந்தது, இல்லாதது. கடைசி ஐந்து நிமிடம் அடுத்த இரண்டு வாரத்தில் மாற்ற வேண்டிய ஒன்று. ஐந்து வழக்கை ஒரே மணியில் அடைத்தால் அது மறுபடி ஆய்வுக் கூட்டமாகிவிடும்.

இது எங்கே கெடும் என்றால், கேட்கிற ஆளில்தான். ஒப்பந்தப் புதுப்பிப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவரே கேட்கிறவராக இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் "நல்லா போகுதுங்க சார்" என்று மட்டும் வரும். அதனால் வெளி ஆள் வேண்டும். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் சமூகப்பணியும் உளவியலும் நடத்தும் துறைகளிலிருந்து அனுபவமுள்ள ஒருவர், அல்லது பக்கத்து மாவட்டத்தின் மூத்த ஆற்றுப்படுத்துநர். திருப்பூர்க்காரருக்கு ஈரோட்டுக்காரரும், ஈரோட்டுக்காரருக்கு நாமக்கல்காரரும் என்று மாற்றிக்கொண்டால் செலவு பஸ் டிக்கெட்தான். முதல் அமர்விலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: இங்கே பேசியது வெளியே போகாது, குழந்தைக்கு ஆபத்து, தன் உயிருக்கு ஆபத்து இரண்டில் மட்டும் போகும். எழுதப்படுவது தேதியும் நேரமும் மட்டும்.

மாதம் ஒரு முறை ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட குழு அமர்வும் நல்லது, ஒன்றரை மணி நேரம். ஓட்டுநரையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்க்கலாம். ஒரே ஒழுங்கு: சம்பவத்தின் ரத்தம், உறுப்பு, காயம் பற்றிய விவரம் வேண்டாம். சொல்பவருக்குப் பாரம் இறங்கி, கேட்பவர் ஏழு பேருக்கு ஏறினால் கணக்குத் தப்பு. தினசரி வராண்டாப் பேச்சிலும் இதே பழக்கம் வர வேண்டும். "அக்கா, ஒரு பாரமான விஷயம். இப்பக் கேக்கற மாதிரி இருக்கீங்களா? இல்லீன்னா சாயங்காலம் சொல்றேன்" என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது. மூடியைத் திறக்கும் முன் எதிரே இருப்பவரிடம் கேட்பது மரியாதையும்கூட.

எண்ணிக்கையல்ல, எடை

பணியாளரின் சுமையை அலுவலகங்கள் கோப்பு எண்ணிக்கையில் அளக்கின்றன. 22 கோப்பு வைத்திருப்பவர் கஷ்டப்படுகிறார், 9 வைத்திருப்பவர் சும்மா இருக்கிறார் என்று ஆகிவிடும். எடை போட்டுப் பாருங்கள். மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுத் திட்டத்தின் தொடர் பார்வைக்கு 1. ரயில் நிலையத்தில் கிடைத்த குழந்தைக்கு 2. குழந்தைத் திருமணத்துக்கு 3. விசாரணையில் உள்ள போக்சோவுக்கு 4. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டுக்காரர் என்றால் 6. அந்த மாதம் நீதிமன்றச் சாட்சியம் இருந்தால் கூடுதலாக 2. முதலாமவரிடம் நிதி ஆதரவு 18, ரயில் நிலையக் குழந்தைகள் 4: மொத்தம் 26. இரண்டாமவரிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தவை 3, மற்ற போக்சோ 4, திருமணம் 2, அவற்றில் இரண்டுக்கு இந்த மாதம் சாட்சியம்: 18, 16, 6, 4 சேர்ந்து 44. ஒன்பது கோப்பு, 44 எடை. எண்களை உங்கள் மாவட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 40 தாண்டினால் புது வழக்கு இல்லை என்ற கோடு மட்டும் அசையக் கூடாது.

எடை போட்டால் இன்னொன்றும் வெளிவரும். "அவங்க நல்லாப் பேசுவாங்க, புள்ளைக மனசு விட்டுச் சொல்லும்" என்று வீட்டுக்குள் நடந்த கொடுமை எல்லாம் ஒரே ஆற்றுப்படுத்துநர் மேல் போய் விழுந்திருக்கும். திறமைக்குக் கிடைக்கும் தண்டனை அது. இரண்டு வருடத்தில் அவர் வேலையை விட்டுவிட்டால், அலுவலகம் தன் திறமையான ஆளைத் தானே துரத்தியதாகத்தான் கணக்கு.

1098 கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களின் எடை வேறு ரகம். அவர்களுக்குக் கதையின் தொடக்கம் மட்டும் கிடைக்கும். யாரும் பேசாத அழைப்பு, பாதியில் வெட்டிய அழைப்பு, பின்னணியில் ஒரு அடி விழும் சத்தம். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. வாரம் ஒரு நாள், களத்திலிருந்து அழைப்பு எண்ணுக்கு எதிரே பெயரில்லாமல் ஒரு வரி திரும்பி வந்தால் போதும்: "குழந்தை இல்லத்தில் உள்ளது", "வீட்டிலேயே, பாட்டி பொறுப்பில்". முடிவு தெரிந்த அழைப்பு இரவில் திரும்ப ஒலிப்பது குறைவு.

கோப்பும் போனும்

வாக்குமூலம், மருத்துவ அறிக்கை படிக்கும் வேலையைக் காலை பதினொன்றுக்கு முன் வைத்துக்கொள்ள வேண்டும். நாளின் கடைசி வேலையாக அதைப் படித்துவிட்டு பஸ் ஏறினால் அது வீடுவரை கூட வரும். படங்கள் தனிக் கவரில், மேலே "படம்" என்று எழுதி. கோப்பைப் புரட்டும்போது எதிர்பாராமல் கண்ணில் படுவதுதான் அதிகம் தைக்கும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் சிறிதாக்கி, கறுப்பு வெள்ளையில், ஒலியை அணைத்து, தேவையான பகுதியை மட்டும்.

வாட்ஸ்ஆப் குழுவில் காயத்தின் படம் போடும் பழக்கம் இன்றே நிற்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரின் போனில் அது ஒரே நேரத்தில் திறக்கிறது. சட்டச் சிக்கலும் உண்டு: குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் போக்சோவின் 23-ஆவது பிரிவும் தடுக்கின்றன. குழந்தைகளின் ஆபாசக் காட்சிகளைப் போனில் வைத்திருப்பதே போக்சோ 15-ஆவது பிரிவின் கீழ் குற்றமாகலாம் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றித்தான் அதைச் சொன்னது. ஆதாரம் காவல் துறையிடம் மட்டும் இருக்கட்டும்.

நீதிமன்ற நாள்

போக்சோ 33-ஆவது பிரிவு குழந்தையிடம் ஆவேசமாகக் கேள்வி கேட்பதைத் தடுக்கிறது. கூட வந்த பணியாளர் சாட்சிக் கூண்டில் ஏறினால் அந்தக் காப்பு அவருக்கு இல்லை. "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அரை மணி நேரம் அடிப்பார். அது அவருடைய வேலை. அதைத் தன் மேல் எடுத்துக்கொள்ளாமல் இருக்க இரண்டு ஏற்பாடு உதவும். சாட்சியத்துக்கு இரண்டு நாள் முன்பு அலுவலகத்தில் ஒருவர் வழக்கறிஞராக நின்று இருபது நிமிடம் குறுக்கு விசாரணை செய்து பழக்குவது. இரண்டாவது, சந்திப்பு நடந்த அன்றே எழுதிய குறிப்பு: தேதி, நேரம், யார் கூட இருந்தார், குழந்தை சொன்ன சொல் அப்படியே. மூன்று வருடத்துக்கு முந்தைய நாளை நினைவிலிருந்து இழுத்தால் நினைவும் தவறும், மனமும் அந்த நாளுக்குள் போய்விடும். காகிதத்தைப் பார்த்துச் சொன்னால் இரண்டும் நடக்காது.

தீர்ப்பு நாளில் புது வழக்கு தரக் கூடாது. தண்டனை கிடைத்தாலும் சரி, விடுதலை ஆனாலும் சரி. விடுதலை என்றால் அந்த வாரத்துக்குள் இருபது நிமிடம் உட்கார்ந்து மூன்றை எழுத வேண்டும்: குழந்தை இப்போது எங்கே எப்படி இருக்கிறது; வழக்கில் எங்கே ஓட்டை விழுந்தது; அதில் நம்முடையது எது. மூன்றாவது பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். எழுதிப் பார்க்காதவரை அது மலையாகத் தெரியும்.

மருத்துவரிடம் போவது

ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம்தான் பணியாளர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். அதே வராண்டாவில் தானே நோயாளியாக உட்காரத் தயங்குவார். 14416 என்ற டெலி-மானஸ் எண் இதற்கு உதவும். கட்டணமில்லை, எந்த நேரமும், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் பக்கத்து மாவட்ட அரசு மருத்துவமனை. அலுவலகம் முன்கூட்டியே அங்கே ஒருவரிடம் பேசி வைத்திருப்பது நல்லது. காப்பீடு இருந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது.

இணையத்தில் கிடைக்கும் 30 கேள்விச் சுயமதிப்பீட்டுத் தாள்கள் பயன்படும், ஒரு நிபந்தனையோடு: அவை நோய் கண்டுபிடிக்கும் கருவி அல்ல, மதிப்பெண் பணியாளரின் வீட்டு நோட்டில் இருக்க வேண்டும், அலுவலகக் கோப்பில் வேண்டாம். கோப்புக்குப் போகும் என்று தெரிந்த நொடியில் எல்லாரும் நலமாகிவிடுவார்கள்.

"படுத்தா எந்திரிக்காமயே இருந்தாத் தேவலை" என்று யாராவது சொன்னால் சிரித்துக் கடக்கக் கூடாது. "சாகோணும்னு நெனைப்பு வருதாங்க?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் உருவாவதில்லை. ஆம் என்றால் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருக்கும் குடும்பம் என்றால், பயிருக்கு அடிக்கிற மருந்தை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி வீட்டாரிடம் பேச வேண்டும்.

வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதும் பலருக்குக் குழப்பம். பெயரும் விவரமும் சொல்லக் கூடாது என்பதால் எதையும் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அது கோபமாகப் படிக்கப்படும். "இன்னைக்குப் பாரமான நாள். விவரம் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் சும்மா இருக்கேன், அப்புறம் சமைக்கலாம்." இது போதும். சமையலை அன்று வேறு யாராவது செய்தால் இன்னும் நல்லது.

இதில் எதற்கும் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை பணிப்பட்டியல் அச்சிடும்போது, இரவுப் பணி பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: "முடிந்ததும் யார் கூப்பிடுவார்". அதில் ஒரு பெயர், ஒரு எண். அவர் எடுக்காவிட்டால் இரண்டாவது பெயர். மேற்பார்வையாளரே அன்று களத்தில் இருந்தால் அவரைக் கூப்பிடப்போவது யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஓட்டுநருக்குத் தனி வரி.